காது கேட்காதவர் போட்ட பாட்டு: பாம்பன் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தை எப்படிக் காட்டுவது?

தென்கடல்காரி (பாம்பன்) கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாம்பனில் தென்கடல் பக்கம் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஏழு வருடமாக மாலை வகுப்பு எடுக்கிறேன். எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வரை இருபத்திரண்டு பேர். அப்பாமார் கடலுக்குப் போகிறவர்கள், அம்மாமாரில் பாதிப் பேர் கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள். வகுப்பு நடப்பது எங்கள் வலைக் கொட்டகையில். மே மாதம் வந்தால் பள்ளிக்கூடம் லீவு, மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகும் கரையில் கிடக்கும். அந்த நாட்களில் பாடத்தை மூட்டை கட்டிவிட்டு வாரம் ஒரு படம் காட்டுவேன். புரொஜெக்டர் இரவல், திரைக்கு வெள்ளை வேட்டி.

இந்த வருடம் ஒரு படத்தைக் காட்ட ஆசை. பெயர் 'பீத்தோவன் லிவ்ஸ் அப்ஸ்டேர்ஸ்'. 1992இல் கனடாக்காரர்கள் பிள்ளைகளுக்காக எடுத்த தொலைக்காட்சிப் படம். மொத்தமே ஒரு மணி நேரத்துக்குள். வியன்னாவில் ஒரு பையன். அப்பா தவறிப்போகிறார். அம்மா மாடியை வாடகைக்கு விடுகிறார். குடிவருகிறவர் பீத்தோவன், மேல்நாட்டுச் சங்கீதத்தில் பெரிய மேதை. மேலே எப்போது பார்த்தாலும் தடதடவென்று சத்தம். தலையில் தண்ணீரை ஊற்றிக்கொள்கிறார், அது கீழ்வீட்டில் சொட்டுகிறது. பையனுக்கு அவரைக் கண்டாலே ஆகவில்லை, தெருப் பிள்ளைகளும் கேலி செய்கிறார்கள். போகப் போகத்தான் அவருக்குக் காது கேட்கவில்லை என்பதன் கனம் அவனுக்குத் தெரிகிறது. பையன் கற்பனை. பீத்தோவனும் அந்தச் சங்கீதமும் நிஜம். மதுரையில் அக்கா வீட்டில் பார்த்தேன், அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

ஏன் தூங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பெரியப்பா சங்கு குளித்தவர். பதினாறு வயதில் இறங்கினார், நாற்பத்தைந்து தாண்டியபோது இரண்டு காதும் போய்விட்டது. இப்போது எழுபத்து மூன்று. கொட்டகை வாசலில்தான் நாள் முழுக்க உட்கார்ந்து வலை பொத்துவார். பேச்சு தெளிவாக வரும், நாம் சொல்வதுதான் அவருக்கு எட்டாது. என்னிடம் படிக்கிற பிள்ளைகளே அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கத்திப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். 'செவிட்டுத் தாத்தா' என்றுதான் பெயர். அதட்டினால் என் முன்னால் நிறுத்திக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். படகில் எஞ்சினைப் போட்டதும் பெரியப்பா பலகையில் உள்ளங்கையை வைப்பார். 'இது சரியில்ல, நிறுத்து' என்பார். தம்பி திறந்து பார்த்தால் ஏதாவது ஒரு கோளாறு கட்டாயம் இருக்கும். காது நன்றாகக் கேட்கிற நாங்கள் நாலு பேர் பக்கத்தில் நின்றும் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

என் கேள்விகள்: படம் ஆங்கிலம், பிள்ளைகளுக்குப் பாதிகூடப் புரியாது. நடுநடுவே நிறுத்திக் கதை சொன்னால் போதுமா? மேல்நாட்டுச் சங்கீதம் என்றால் என்னவென்றே தெரியாதவர்களுக்கு எதை முதலில் கேட்க வைப்பது? அப்புறம், பெரியப்பாவையும் உட்கார வைக்கலாமா, அது அவரைக் காட்சிப்பொருள் ஆக்கியது போல ஆகிவிடுமா? மூன்றாவது கேள்விதான் என்னை அரிக்கிறது.

அரண்மனைவாசல் (இராமநாதபுரம்) எழுதுகிறார்:

தாயி, நான் முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். முதல் இரண்டு கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

படம் போடுவதற்கு நாலு நாள் முன்னாலேயே பாட்டைத் தொடங்கிவிடுங்கள். யார், எந்த ஊர், எந்த வருடம் எல்லாம் பிறகு. முதலில் வாயால் பாட வையுங்கள். இதோ:

க க ம ப | ப ம க ரி | ஸ ஸ ரி க | க ரி ரி
க க ம ப | ப ம க ரி | ஸ ஸ ரி க | ரி ஸ ஸ

சங்கராபரண ராகத்துச் சுரங்கள். ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டை மட்டும் போதும். மெட்டு முழுக்க ஸவிலிருந்து பவுக்குள் ஐந்தே சுரம், நடுவில் ஓர் இடத்தில் மட்டும் கீழ்ப் பஞ்சமத்தைத் தொட்டுவிட்டு வரும். இதுதான் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் (பெரிய வாத்தியக் குழு சேர்ந்து வாசிக்கிற நீண்ட படைப்புக்குச் சிம்பொனி என்று பெயர்) கடைசிப் பகுதியில் வருகிற மெட்டு. பத்து நிமிடத்தில் எட்டு வயதுப் பிள்ளை பாடிவிடும், நான் பாட வைத்திருக்கிறேன். தாங்கள் பாடிய பாட்டையே படத்தின் கடைசியில் பெரிய கூட்டம் சேர்ந்து பாடும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள் பாருங்கள், அந்த முகத்துக்காகவே சொல்கிறேன்.

அடுத்தது அவருடைய 'ஃபர் எலீஸ்' என்ற சின்னப் பியானோ மெட்டு. பெயர் தெரியாவிட்டாலும் உங்கள் பிள்ளைகளுக்கு அது பழக்கம். அழைப்பு மணியிலும் வண்டி பின்னால் எடுக்கும்போதும் கேட்டிருப்பார்கள். 1810இல் எழுதியது. அவர் உயிரோடு இருந்தவரை அச்சேறவே இல்லை, 1867இல்தான் வெளிவந்தது. மூன்றாவதாக, அவருடைய ஐந்தாம் சிம்பொனியின் தொடக்கம், மூன்று குட்டை ஒரு நெட்டை. பெஞ்சில் தட்டிக் காட்டினாலே போதும்.

இவரை ஏதோ எட்டாத தேசத்துக்காரர் என்று நினைக்கவிடாதீர்கள். பீத்தோவன் பிறந்தது 1770. நம் முத்துசுவாமி தீட்சிதர் அவரைவிட ஐந்தாறு வயது இளையவர். சியாமா சாஸ்திரியும் பீத்தோவனும் காலமானது ஒரே வருடம், 1827. பிப்ரவரியில் தஞ்சாவூரில் ஒருவர், மார்ச்சில் வியன்னாவில் ஒருவர். தீட்சிதர் உங்கள் தீவிலேயே இருக்கிற ராமேஸ்வரத்து ராமநாதசுவாமி மேல் காசிராமக்கிரியா ராகத்தில் 'ராமநாதம் பஜேஹம்' பாடியவர். அதே தீட்சிதர் சென்னையில் ஆங்கிலேயப் பாண்டு வாத்தியம் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் முப்பதுக்கு மேல் நொட்டு சுரப் பாடல்கள் எழுதினார். அவையும் சங்கராபரணச் சுரங்கள்தான். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலின் கற்று நம் கச்சேரிக்குள் கொண்டுவந்தவர். ஆக, பீத்தோவன் அங்கே எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில் அந்தப்பக்கத்துச் சுரம் இங்கே நம் வாசலுக்கு வந்துவிட்டது. ஒரு நொட்டு சுரமும் மேலே எழுதிய மெட்டும் அடுத்தடுத்துப் பாட வையுங்கள், பிள்ளைகள் இரண்டும் ஒரே வீட்டுப் பாட்டு என்பார்கள்.

ஒன்று மட்டும் கவனம். 'கேட்காமல் எப்படிப் பாட்டு போட்டார்?' என்று நிச்சயம் ஒரு பிள்ளை கேட்கும். தெய்வ சக்தி, அதிசயம் என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். அவர் பிறவியில் கேளாதவர் இல்லை. இருபத்தேழு, இருபத்தெட்டு வயது வரை நன்றாகக் கேட்டவர், சின்ன வயதிலிருந்தே வாசித்தவர். சுரம் எல்லாம் மனதுக்குள் இருந்தது. பிள்ளைகளை ஒரு நிமிடம் வாயை மூடச் சொல்லி, பிடித்த பாட்டை மனதுக்குள் பாடச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாத் தலையும் ஆடும். 'இப்போது வெளியே சத்தம் உண்டா?' என்று கேளுங்கள். அவர் செய்தது அதைத்தான், பல மடங்கு பெரிதாக.

கைமொழி (மதுரை) எழுதுகிறார்:

சகோதரி, நான் காது கேளாத பிள்ளைகளுக்கான சிறப்பு ஆசிரியை. உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

பெரியப்பாவை உட்கார வையுங்கள். ஆனால் அவரைக் கேட்டுவிட்டு. இதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். காது கேளாதவரைப் பற்றி அவர் முன்னாலேயே வீட்டில் எல்லாரும் பேசி முடிவெடுப்பார்கள், அவருக்குச் சொல்வது கடைசியில். படம் எதைப் பற்றி, ஏன் அவரைக் கூப்பிடுகிறீர்கள் என்று எழுதிக் காட்டுங்கள். எழுத்து கஷ்டம் என்றால் நேருக்கு நேர் உட்கார்ந்து, முகத்தில் வெளிச்சம் படும்படி மெதுவாகச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

வந்தால் சில காரியங்கள் செய்ய வேண்டும். கொட்டகையை முழு இருட்டாக்காதீர்கள். நீங்கள் நிறுத்தி நிறுத்திக் கதை சொல்லும்போது உங்கள் முகமும் உதடும் அவருக்குத் தெரிய வேண்டும். ஒரு ஓரத்தில் சின்ன பல்பு எரியட்டும். ஸ்பீக்கரைத் தரையில் வைக்காமல் நீளமான மர பெஞ்சின் ஒரு முனையில் வைத்து, மறுமுனையில் அவரை உட்கார வையுங்கள். மரம் அதிர்வைக் கடத்தும். ஊதிய பலூன் ஒன்றை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாலும் அதிர்வு நன்றாகத் தெரியும், எங்கள் வகுப்பில் தினமும் செய்கிறோம். பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பலூன் கொடுங்கள். அவருக்கு மட்டும் கொடுத்தால்தான் காட்சிப்பொருள். எல்லாருக்கும் கொடுத்தால் அது பாடம்.

அடித்தொனிதான் உடம்பில் தெரியும், பெரிய மத்தளம், பாஸ் வயலின் மாதிரி. கீச்சென்ற ஒலி தெரியாது. பீத்தோவனுக்கும் முதலில் போனது மேல் ஒலிகள்தான். 1801இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தூரத்தில் இருந்தால் வாத்தியங்களின், பாடகர்களின் உச்சக் குரல் தனக்குக் கேட்பதில்லை என்று அவரே சொல்கிறார். நாடக அரங்கில் நடிகர் பேசுவது புரிய வாத்தியக் குழுவுக்குப் பக்கத்திலேயே சாய்ந்து நிற்க வேண்டியிருக்கிறது என்றும் எழுதுகிறார். மனிதர்களிடம் 'எனக்குக் காது கேட்கவில்லை' என்று சொல்ல முடியவில்லை என்பதால் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்தினார். அடுத்த வருடம் ஹைலிகன்ஸ்டாட் என்ற ஊரில் இருந்து தம்பிமாருக்கு எழுதி, அனுப்பாமலே வைத்துக்கொண்ட கடிதத்திலும் இதுதான் ஓடுகிறது. என்னை முரடன், மனிதரை வெறுப்பவன் என்கிறீர்களே, காரணம் உங்களுக்குத் தெரியாது என்று. நான் பார்த்த முக்கால்வாசிப் பெரியவர்களின் நிலை இதுதான். சத்தம் போடுகிறார், சிடுசிடுக்கிறார் என்பார்கள். அவர் தனியாகிவிட்டார், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த நோட்டுப் புத்தகங்கள். 1818க்குப் பிறகு அவரைப் பார்க்க வருகிறவர்கள் நோட்டில் எழுதிக் காட்டினார்கள். அவர் பெரும்பாலும் வாயாலேயே பதில் சொல்லிவிடுவார். நூற்றுக்கு மேற்பட்ட அந்த நோட்டுகள் இன்றும் இருக்கின்றன. உங்கள் பெரியப்பாவுக்கும் பேச்சு தெளிவு என்கிறீர்கள். இதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள்.

கீழக்கரை மகன் (ஷார்ஜா) எழுதுகிறார்:

லாத்தா, அஸ்ஸலாமு அலைக்கும். சங்கீதம் எனக்குத் தெரியாது. சங்கு தெரியும், எங்க வாப்பா சங்கு வியாபாரம்.

பிள்ளைகளுக்குக் காது எப்படிப் போகிறது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். பத்து மீட்டர் இறங்கினால் மேலே இருப்பதுபோல் இரண்டு மடங்கு அழுத்தம். மூக்கைப் பிடித்து உள்ளே காற்றைத் தள்ளிச் சரிசெய்துகொண்டுதான் இறங்க வேண்டும். சளி பிடித்திருந்தால் அது நடக்காது, ஜவ்வு கிழியும். ஆனாலும் சளி என்று வீட்டில் இருந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது, அதனால் இறங்குவார்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை, எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்க கடைக்குச் சங்கு கொண்டுவருகிற பெரியவர்களிடம் வாப்பா விலையை விரலால்தான் சொல்வார்கள். நான் சின்னப் பிள்ளையில் அதை ஏதோ வியாபார ரகசியம் என்று நினைத்திருந்தேன். அவர்களுக்குக் கேட்காது என்பது பத்து வயதுக்கு மேல்தான் விளங்கியது.

பீத்தோவனுக்கு என்ன நோவு என்று டாக்டர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உங்க பெரியப்பாவுக்கு என்ன என்பது நமக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தெருப் பிள்ளைகளின் வீட்டுக்குச் சோறு வந்த தொழில் அது. பாசி எடுக்கப்போகிற அவர்கள் அம்மாமாரும் மூக்கைப் பிடித்து மூழ்குகிறவர்கள்தானே. அதைச் சொல்லுங்கள் லாத்தா.

படத்தை இரண்டு ராத்திரியாகப் பிரித்துப் போடுங்கள். நிறுத்தி நிறுத்திச் சொன்னால் ஒரே நாளில் முடியாது, சின்னதுகள் தூங்கிவிடும்.

தென்கடல்காரி (பாம்பன்), பதினெட்டு நாள் கழித்து:

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பாட்டு வாத்தியார் ஐயா சொன்னபடி நாலு நாள் 'க க ம ப' தான். மூன்றாம் நாளே தெருவில் தண்ணீர்க் குடம் தூக்கிப் போகிற பிள்ளைகள் வாயில் அதுதான். கோயில் கீபோர்டு வாசிக்கிற பையன் அதைக் கேட்டுவிட்டுத் தானாகவே வந்து சேர்ந்துகொண்டான்.

பெரியப்பாவிடம் கேட்டேன். திண்ணையில் எதிரில் உட்கார்ந்து, பெரிய எழுத்தில் சிலேட்டில் எழுதினேன்: 'காது கேட்காத ஒருத்தர் பாட்டு எழுதின கதை. வர்றீங்களா?' ரொம்ப நேரம் சிலேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'அவரு எத்தன வயசுல போச்சு?' என்றார். முப்பதுக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது என்று எழுதினேன். 'பாவம், சின்ன வயசு' என்றார். சாயந்திரம் யாரும் கூப்பிடாமலே சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

அன்று சோழகக் காற்று திரையைப் பிய்த்தது. வேட்டியின் நாலு மூலையிலும் ஈயக்குண்டு கட்டிய பிறகுதான் நின்றது. கீழக்கரைத் தம்பி சொன்னபடி இரண்டு ராத்திரி. தம்பி, காது ஜவ்வு பற்றியும் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் 'எங்கம்மாவுக்கும் ராத்திரியில காது வலிக்கும் டீச்சர்' என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது பாசிக்குப் போகிற எட்டு அம்மாமாரை இராமநாதபுரத்துக்குக் காது பார்க்க அழைத்துப்போக ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன்.

பெஞ்சின் ஒரு முனையில் ஸ்பீக்கர், மறுமுனையில் பெரியப்பா, ஓரத்தில் சின்ன பல்பு. எல்லார் கையிலும் பலூன். ஐந்தாம் சிம்பொனியைத் தனியாக ஒரு தடவை போட்டேன். பெரியப்பா பலூனை மடியில் வைத்துவிட்டு உள்ளங்கையைப் பலகையில் வைத்தார், எஞ்சினுக்கு வைப்பதுபோலவே. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பக்கத்தில் இருந்த பையனின் முதுகில் விரலால் மூன்று குட்டை, ஒரு நெட்டை தட்டினார். சரியாக, பாட்டோடு சேர்ந்து. அந்தப் பையன்தான் அவர் பின்னால் நின்று கத்துகிறவர்களில் முதல் ஆள். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். படம் முடிகிறவரை அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஒன்பதாவது சிம்பொனி வந்த இடத்தில் நிறுத்தி, 1824 மே 7ஆம் தேதி நடந்ததைச் சொன்னேன். பீத்தோவன் மேடையில் நிற்கிறார், ஆனால் வாத்தியக்காரர்கள் பக்கத்தில் நிற்கிற இன்னொருவரின் கையைத்தான் பார்க்கிறார்கள். வாசிப்பு முடிந்து கைதட்டல் கொட்டுகிறது, அவருக்குத் தெரியவில்லை. பாடவந்த கரோலினா உங்கர் என்ற இளம்பெண் அவரைச் சபையின் பக்கம் திருப்பிவிடுகிறாள். கேட்காது என்பதால் எல்லாரும் கைக்குட்டையை வீசிக் காட்டுகிறார்கள். இதையே சிலேட்டில் சுருக்கி எழுதிப் பெரியப்பாவிடம் காட்டினேன். படித்துவிட்டுத் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் மெட்டு வந்தது, இருபத்திரண்டு பேரும் பாடினார்கள், வாசலில் நின்ற அப்பாமாரில் இரண்டு பேரும் பாடினார்கள்.

கைமொழி அம்மா சொன்ன நோட்டைப் பற்றி ஒரு வார்த்தைதான் சொன்னேன். மறுநாள் காலையில் அந்தப் பையன் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, நூல் கட்டிப் பென்சிலைத் தொங்கவிட்டு, கொட்டகைத் தூணில் மாட்டியிருந்தான். இப்போது பள்ளி திறந்துவிட்டது, இருந்தாலும் சாயந்திரம் வந்ததும் நோட்டுக்குத்தான் சண்டை. பெரியப்பா வலையை மடியில் போட்டுக்கொண்டு வாயாலேயே பதில் சொல்கிறார், அதனால் நோட்டில் இருப்பதெல்லாம் கேள்விகள் மட்டும்தான். நேற்றுவரைக்கும் உள்ளதில் சிலவற்றை அப்படியே எழுதுகிறேன் (பாகம் என்பது கடலின் ஆழத்தைச் சொல்கிற அளவு):

தாத்தா சங்கு எத்தன பாகத்துல கிடக்கும்

சுறா பாத்திருக்கீங்களா

கீழ போனா என்ன சத்தம் கேக்கும்

கடைசியா நீங்க கேட்ட பாட்டு எது

அந்தப் பாட்டப் பாடுங்க தாத்தா